வாயாடியும் தூய்மைப் பிரிவும்

அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளையும் கழுவப் போகிறோம் என்று சுற்றறிக்கை வந்த அன்று, ஒரே ஒருவர்தான் அறிவுள்ள கேள்வி கேட்டார். அவர் எங்கள் மாடியைத் துடைப்பவர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்கு சார் கழுவறாங்க?" என்றார். மற்ற நாங்கள் எல்லோரும் விஷயம் புரிந்தவர்களைப் போலத் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டோம்.

சுற்றறிக்கையின் சாரம் இதுதான். கணினியில் இருக்கும் பழைய இயங்குதளத்தை அடியோடு அழித்துவிட்டு, அதையே மறுபடியும் புதிதாகப் போடுவார்கள். அதன் பெயர் தூய நிறுவல். அதற்கென்று நான்காவது மாடியில் தூய்மைப் பிரிவு என ஒன்றும் தொடங்கியாகிவிட்டது. கழுவி முடித்த கணினி பிறந்த குழந்தையைப் போல இருக்கும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். பிறந்த குழந்தையை உட்காரவைத்து என்ன வேலை வாங்குவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும்.

எங்களுடையது குடிநீர் வழங்கும் துறை. கீழ்த்தளத்தில், மோட்டார் அறையின் உறுமல் கேட்கும் தூரத்தில் புகார் அறை. அதில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான் இருப்பேன். வந்த புகாரைப் பார்த்து, குழாய் பழுதுபார்க்கும் ஆட்களை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது என் வேலை. இன்னொன்றில் போன் அக்கா. எந்த வீட்டில் குழாய் வறண்டாலும், எந்தச் சாலையில் தண்ணீர் பீறிட்டாலும், செய்தி முதலில் அக்காவின் காதுக்குத்தான் வரும். அவர் அதைக் கணினியில் தட்டுவார். தட்டினால் அது புகார். தட்டாவிட்டால் அது வெறும் பேச்சு. இது எங்கள் துறையின் சட்டம்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அது வேலைக்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. காரணம் வாயாடி. திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் ஒரு செயலிக்கு அக்கா வைத்த செல்லப்பெயர் அது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவார். உள்ளே வாயாடி மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளும். ஒருமுறை நானும் காதில் வைத்துப் பார்த்தேன். எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி இருந்தது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அக்காவோ அதைக் கேட்டுக்கொண்டே, போனிலும் பேசிக்கொண்டு, கையால் தட்டிக்கொண்டும் இருப்பார். தெருப் பெயர்களைச் சரியாக உச்சரிக்க அதற்கு அவரே பல வருடம் பாடம் எடுத்திருந்தார். ஓய்வு பெறும்வரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் அக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. நியாயமான கர்வம்.

கழுவுவதற்கு முதல் நாள் தூய்மை அதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாத மனிதர். எதையும் தொடாமல் நின்றார்.

"சார், என் வாயாடி போயிடாதே?" என்று அக்கா கேட்டார்.

"நாங்க அழிக்கிறது சி டிரைவை மட்டும்தாம்மா. டி டிரைவ்ல இருக்கிற தூசியைக்கூடத் தொடமாட்டோம். உங்க புரோகிராமை எடுத்து டி-யில வச்சிடுங்க. அப்படியே இருக்கும்."

"அப்படியேன்னா?"

"அப்படியேன்னா அப்படியேதாம்மா."

நான் வாயாடியை அதன் கோப்புகளோடு சேர்த்து டி-க்கு நகல் எடுத்தேன். மறுநாள் கழுவினார்கள். அதற்கு அடுத்த நாள் அக்கா வந்து உட்கார்ந்தார், காதில் மாட்டினார், விசையைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"தம்பி, செத்துப்போச்சா?"

எட்டிப் பார்த்தேன். வாயாடி டி-யில் அப்படியே இருந்தது. ஒரு கோப்பும் குறையவில்லை. அதன் படத்தின் மேல் தட்டினால் மட்டும், 'இந்தச் செயலி இக்கணினியில் நிறுவப்படவில்லை' என்று பதில் வந்தது. அதை அக்காவுக்கு வாசித்துச் சொன்னேன்.

"இருக்குங்கிறே. நிறுவலைங்கிறே. ரெண்டுல எது தம்பி?"

சாயங்காலம் என் மைத்துனனிடம் கேட்டேன். அவன் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். பேசும்போது திருப்புளியைக் காதில் செருகிக்கொள்வான்.

"புரோகிராம்னா வெறும் கோப்பு இல்ல மாமா. நிறுவும்போது அது சிஸ்டத்துக்குள்ள நாலா பக்கமும் வேர் விடும். தன் பேரை உள்ள பதிஞ்சு வச்சுக்கும். நீங்க வேரை விட்டுட்டு மரத்தை மட்டும் தூக்கி அடுத்த ரூம்ல வச்சிருக்கீங்க. அந்த ரூமை யாரும் தொடலைங்கிறது நிஜம்தான். மரம் பிழைக்குமா?"

"இப்ப என்ன பண்றது?"

"முதல்ல நிறுவின குறுந்தகடு இருக்கா? திரும்பப் போட்டா பத்து நிமிஷ வேலை."

தகடு அக்காவின் மேசை இழுப்பறையில் இருந்தது. இருந்தது என்றால், மேசைகளையெல்லாம் காலி செய்யத் தூய மேசை வாரம் என்று ஒன்று கொண்டாடினார்கள், அதுவரைக்கும் இருந்தது. வாயாடியைச் செய்து விற்ற கம்பெனியோ கடையைக் கட்டிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. மைத்துனன் யோசித்துவிட்டு, நிறுவாமலேயே ஓடக்கூடிய வேறொரு திரை வாசிப்பானை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். செருகினால் பேசும் என்றான். காலையில் ஆசையாகக் கொண்டுபோய்ச் செருகப் பார்த்தேன். கணினியில் பென்டிரைவ் செருகும் துளைகளிலெல்லாம் தூய்மைப் பிரிவு பசை ஊற்றி அடைத்திருந்தது. பசை நன்றாகக் காய்ந்திருந்தது. எங்கள் துறையில் ஒழுங்காகச் செய்து முடித்த வேலை ஒன்றைக் காட்டு என்றால் அதைத்தான் காட்டுவேன்.

அக்காவை அழைத்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனேன். அங்கே மேசைகளின் மேல் எதுவுமே கிடையாது. பேனாகூட இல்லை. தூய்மை அதிகாரி காலி மேசையின் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது, கடைசிவரை குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மா, இருக்கிறது வேற, நிறுவியிருக்கிறது வேற. உங்க புரோகிராம் இருக்கு. அதை நாங்க யாரும் மறுக்கல. ஆனா அது இருக்கிறது சிஸ்டத்துக்குத் தெரியாது. தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடுவீங்களா?"

"நீங்க தெரியப்படுத்துங்க சார்."

"அதுக்குத்தான் விண்ணப்பம் வச்சிருக்கோம். உங்க திரையிலேயே இருக்கு. நீங்களே பூர்த்தி பண்ணணும். உங்க கடவுச்சொல்லைப் போட்டு இன்னொருத்தர் பண்ணினா அது குற்றம்."

"திரை எனக்குத் தெரியாது சார். அதை வாசிக்கத்தான் வாயாடியே."

"நல்லாப் புரியுதும்மா. ஒண்ணும் அவசரமில்ல. வாயாடி வந்தப்புறம் நிதானமா உட்கார்ந்து பூர்த்தி பண்ணுங்க."

அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் வாயைத் திறந்தேன். "சார், அது வர்றதுக்குத்தானே விண்ணப்பமே…"

"நீங்க யாரு?"

"பக்கத்து நாற்காலி சார்."

"உங்க கம்ப்யூட்டர் பேசுதா?"

"அது எப்பவுமே பேசினதில்ல சார்."

"அப்ப உங்களுக்குப் பிரச்சினை இல்ல," என்று சொல்லி என்னை முடித்துவிட்டார். பிறகு அக்காவிடம், அங்கீகாரப் பட்டியல் ஒன்று தயாராவதாகச் சொன்னார். தூய நிறுவலுக்குப் பிறகு எந்தெந்தச் செயலிகள் பழுதில்லாமல் ஓடுகின்றன என்று ஒரு மாதம் பார்ப்பார்களாம். அப்படி ஓடியவற்றுக்கு மட்டும் நிறுவ அனுமதி தருவார்களாம். "ஓடாததை நம்பி எப்படிம்மா அனுமதி தர்றது?" என்றார். படியில் இறங்கும்போது அக்கா, "தம்பி, அவர் நல்லவர்தான்னு நினைக்கிறேன்," என்றார். "அதான் பயமா இருக்கு."

அக்காவின் குறையை நேரில் ஆராய மூவர் குழு வந்தது. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, திரையில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வியை வரவழைத்தார்கள். 'இந்தத் திரையை வாசிப்பதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா? ஆம் / இல்லை.' பரிசோதனையின்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி என்பதால் அறை நிசப்தமாக இருந்தது. அக்கா, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு குழுத் தலைவி அறிக்கைக்கான வாக்கியத்தைச் சொல்லி எழுதவைத்தார்: "சிரமம் இருப்பதாகப் பயனர் தெரிவிக்கவில்லை."

"வந்தவங்க போயிட்டாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"போயிட்டாங்கக்கா."

"எப்ப வந்து பரிசோதிப்பாங்களாம்?"

போன் மட்டும் நிற்கவில்லை. அக்கா எடுத்துப் பேசுவார், தெருவைக் கேட்பார், தட்டுவார். ஆனால் எந்தக் கட்டத்தில் தட்டுகிறார், பதிவானதா, நடுவில் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்கிறதா, எதுவும் தெரியாது. ஒருநாள் காலை முழுதும் அவர் தட்டிய புகார்கள் அத்தனையும் தேதி மாற்றும் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தன. ஆகவே நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் திரையை வாசித்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

தணிக்கைக்கு வந்தவர்கள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். குற்றம்: அங்கீகாரமற்ற திரை வாசிப்பு. மறுபடி நான்காவது மாடி. இந்த முறை தூய்மை அதிகாரி ஏனோ மலர்ந்த முகத்தோடு இருந்தார்.

"உங்களைத் தண்டிக்கணும்னு எங்களுக்கு ஆசை இல்ல. முறைப்படுத்திடலாம். வெளிப் புரோகிராமை உள்ள விடத்தான் விதியில் இடமில்ல. நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்க. உங்களையே திரை வாசிப்பானா பதிஞ்சுடறேன்."

"என்னை எப்படி சார், புரோகிராமா?"

"பட்டியல்ல வேற தலைப்பு இல்லையே."

அப்படித்தான் நான் செயலி ஆனேன். ஊழியர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்து, செயலிகள் பட்டியலில் சேர்த்தார்கள். கணக்குப் போடும் செயலிக்கும் படம் வரையும் செயலிக்கும் நடுவில் இருந்தேன். ஒரே செயலி இரண்டு இருக்கைகளில் ஓடக் கூடாது என்பதால் என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள். குழாய் ஆட்களை அனுப்பும் வேலை யாருக்குப் போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மதியம் என்னைப் புதுப்பிப்பதற்காக மேலே கூப்பிடுவார்கள். அங்கே பழைய செய்தித்தாளை வாசிக்கச் சொல்லி, வேகம் போதுமா என்று பார்ப்பார்கள். வாசிக்கும்போது நடுவில் 'ஐயோ பாவம்' என்று சொன்னதற்காக ஒருமுறை எச்சரிக்கை வந்தது. செயலிக்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாதாம்.

"ஆபீஸ்ல சொன்னதெல்லாம் செய்யுதாம் இந்தப் புரோகிராம்," என்றாள் என் மனைவி. "வீட்டுல மட்டும் ஏன் ஹேங் ஆகி நிக்குது?"

அவளாவது சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. நான் இருமினால் காத்திருக்கவேண்டும். டீ குடிக்கப் போனால் காத்திருக்கவேண்டும். வாயாடியின் வேகத்தில் கால்வாசிகூட எனக்கு வரவில்லை. பத்துப் புகார் எழுதும் நேரத்தில் நாங்கள் இரண்டு எழுதினோம். அதுவும் போகட்டும். ஒருநாள் மதியம், போன் கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, அக்கா தானாகவே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. நீ எனக்காக நாற்காலியை விட்டவன். ஆனா என் மேசையில என்ன இருக்குன்னு இன்னொருத்தரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிற நிலைமை வரக்கூடாதுன்னுதான் நான் படிச்சேன். வாயாடிகிட்ட நான் எதையும் கேட்டதில்ல. அது என்னோடது. நீ என்னோடது இல்லையே. எனக்கு வெட்கமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. செயலி அழலாமா என்று தெரியாததால் அடக்கிக்கொண்டேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். திரையில் வந்ததை மட்டும் வாசித்தேன்.

அடுத்த மாதம் முதல் தேதி இரண்டாம் முறை கழுவப்போவதாக அறிவிப்பு வந்தபோது நேரே மேலே ஓடினேன்.

"சார், கழுவும்போது செயலிகள் எல்லாம் போயிடுமே. நானும் அந்தப் பட்டியல்லதானே இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"உங்களை யாரும் தொடமாட்டாங்க. அப்படியே இருப்பீங்க," என்றார்.

அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அன்றே வேறு வேலை தேடியிருக்கவேண்டும்.

கழுவுவதற்காக விட்ட விடுமுறை முடிந்து வந்து வாசலில் அடையாள அட்டையை வைத்தேன். கதவு திறக்கவில்லை. காவலாளி எழுந்து வந்தார். தினமும் என்னோடு டீ குடிக்கிற மனிதர்.

"பச்சை எரியல சார்."

"நான்தான்னு தெரியுதில்ல?"

"எனக்குத் தெரியுது சார். கதவுக்குத் தெரியலையே." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நேத்துக்கூட உங்களைப் பத்தி வீட்டுல பேசினேன்."

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு மேலே போனேன். தூய்மை அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். ஊழியனாக இருந்தவரை ஒருநாளும் சொன்னதில்லை.

"நீங்க இருக்கீங்க. அதை நாங்க யாரும் மறுக்கல," என்று தொடங்கினார். "மறுபடி நிறுவணும்னா பயனர் விண்ணப்பிக்கணும். உங்க பயனர் அந்த அம்மாதான். அவங்க திரையில விண்ணப்பம் இருக்கு."

"அதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டறது யாரு சார்?"

"நீங்க வந்தப்புறம் காட்டுங்களேன்."

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று என்னை இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு தினமும் எதிர்ப்பக்க டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். வேறெங்கே போவது? வீட்டில் சொல்லவில்லை.

அந்த மாதம் முடியும் சமயத்தில் வாசலுக்கு மேலே பெரிய மின்பலகை ஒன்றை மாட்டினார்கள். பதிவாகும் புகார்களின் எண்ணிக்கையை அது உடனுக்குடன் காட்டும். அதைத் திறந்துவைக்க இயக்குநரே வந்தார். முற்றத்தில் பந்தல், ஒலிபெருக்கி. நான் தெருவில் நின்று கேட்டேன். பக்கத்தில் காலிக் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணும் கேட்டார்.

"நண்பர்களே, தூய நிறுவலுக்கு முந்தி நம்ம துறைக்கு எத்தனை புகார் வந்துச்சுன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு," என்றது இயக்குநரின் குரல். "குழாயை மாத்தினோமா? இல்ல. பம்பை மாத்தினோமா? இல்ல. கம்ப்யூட்டரைக் கழுவினோம். இந்த மாசம் புகார் பூஜ்யம். இதுக்குக் காரணம் ஒரு சகோதரி. எந்தக் குறையும் தெரிவிக்காம உட்கார்ந்து சாதிச்சிருக்காங்க. புகாரே இல்லாத இடத்துல புகார் அறை எதுக்கு? இந்த வாரத்தோட அந்த அறையை மூடறோம். சகோதரியை வேலையிலேருந்து தூய்மையா விடுவிக்கிறோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் அக்காவைப் பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், புகார் அறையின் மணியும் கேட்டது.

"போன் அடிக்குது. நான் போகணும்," என்றார் அக்கா.

அடக்கத்தைப் பாருங்கள் என்று இன்னொரு முறை கைதட்டினார்கள். குடத்தோடு நின்ற பெண், "நாலு நாளா நானும் போன் பண்றேன். அந்தம்மா நல்லாத்தான் பேசறாங்க. ஆளுதான் வரமாட்டேங்குது," என்று தன் தெருவின் பெயரையும் என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வாரத்தின் கடைசி நாள், டீக்கடை வாசலில் நின்று புகார் எண்ணை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"குடிநீர் புகார்ப் பிரிவு, சொல்லுங்க."

"அக்கா, நான்தான்."

"எங்க இருக்கே?"

"வாசலுக்கு எதிர்ல."

"சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "சரி. போன் பண்ணிட்டே. புகாரைச் சொல்லு. எந்தத் தெரு?"

குடம் வைத்திருந்த பெண்ணின் தெருவைச் சொன்னேன். அதில் தண்ணீர் வரவில்லை என்றேன். மறுமுனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"தட்டிட்டேன். அங்க வாசல்ல ஏதோ பலகை மாட்டியிருக்காங்களாமே. என்ன காட்டுது? வாசி."

நிமிர்ந்து பார்த்தேன்.

"பூஜ்யம்க்கா."

மறுபடி விசைகளின் சத்தம். வேறு ஏதோ ஒரு கட்டத்தைத் தேடித் தட்டுகிறார் என்று புரிந்தது.

"இப்ப?"

"பூஜ்யம்."

மறுபடி தட்டினார்.

"இப்ப?"